முறிவு நாள்

அந்தப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக ஊழியர்கள் வருடத்தில் ஒரு நாள் மட்டும் இருக்க மாட்டார்கள். விடுப்பில் போய்விடுவார்கள் என்று அர்த்தமில்லை, இருக்கவே மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை பார்த்தவர் நிரந்தரம் கேட்டு வழக்குப் போடலாம் என்று சட்டம் சொன்னதால், கல்வியாண்டு முடிந்த மறுநாள் எல்லாருடைய பணியும் முறிந்து, அதற்கடுத்த நாள் புது ஆணையில் தொடங்கும்படி எந்தக் காலத்திலோ ஒரு பதிவாளர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். காகிதத்தில் இல்லாதவர்கள் ஆளாகவும் இல்லாமல் போனது எந்த வருடத்திலிருந்து என்று யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு அவர்கள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள், அவர்கள் குரல் யார் காதிலும் விழாது, அவர்கள் தூக்கும் டம்ளர் மேஜையை விட்டு நகராது. பசி எடுக்காது. முறிவுக் காலம் எந்தக் கணக்கிலும் சேராது என்று விதி இருந்ததால் அன்று நகம்கூட வளராது. இல்லாமல் போனவர்களால் எல்லாரையும் பார்க்கவும் கேட்கவும் முடியும்; அவர்களைப் பார்க்கவும் அவர்களோடு பேசவும் அன்று இல்லாமல் போன மற்றவர்களால் மட்டுமே முடியும். மறுநாள் காலை பதிவாளர் கையெழுத்துப் போடப் போட ஒருவர் சமையலறையிலும் ஒருவர் பேருந்து நிறுத்தத்திலும் ஒருவர் பாதி ஏறிய மாடிப்படியிலுமாகத் திரும்பி வருவார்கள். வேலையை விட்டே போகிறவருக்கு விடுவிப்பு ஆணை என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்து விழுந்தாலும் ஆள் வந்துவிடுவார், சம்பளம்தான் வராது. குடும்பங்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. தண்ணீர் வராத நாளைச் சொல்வதுபோல அந்த நாளைச் சொல்லிக்கொண்டார்கள்.

விலங்கியல் துறையில் ஒரு விரிவுரையாளர் இருந்தாள். மாணவர்கள் அவளைத் தவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். தவளையின் வயிற்றை அறுத்துக் காட்டுவதில் அவளுக்கு இருந்த நிதானம் ஒரு காரணம், அவளுடைய பெரிய கண்கள் இன்னொன்று. அவளும் தற்காலிகம்தான். கணவர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிற மனிதருக்கு வருடத்தில் ஒரு நாள் சொந்த மனைவி தெரியாமல் போவதில் அவருக்கே ஒரு சிரிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரே மகள் அந்த நாளை விளையாட்டாக வைத்திருந்தாள். அம்மா வழக்கமாக உட்காரும் சாப்பாட்டு மேஜை நாற்காலியைப் பார்த்துக் கதை பேசுவாள், நாக்கைத் துருத்துவாள், அப்பா கோணல்மாணலாகப் பின்னிவிட்ட சடையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது வருடத்திலேயே நல்ல ஓய்வு நாள்.

அவளுடைய ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற தற்காலிக உதவியாளரை எல்லாரும் பீக்கர் அண்ணன் என்பார்கள். முறிவு நாளன்று மற்றவர்கள் வீட்டில் படுத்துத் தூங்க, அவர் மட்டும் வழக்கம் மாறாமல் வேலைக்கு வருவார். தொட்டித் தவளைகளுக்கு இரை போட அன்று அவரால் முடியாது, இருந்தாலும் வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் மனம் ஆறும். ஒரு வருடம் அப்படி வந்தவர் நடைவழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நிரந்தர ஊழியர்களுக்கு அன்று ஆண்டிறுதித் தேநீர் விருந்து. மேல்மாடிக் கூடத்துக்குப் போகிற வழி அதுதான் என்பதால் நூறு பேராவது அந்தப் பக்கம் போய் வந்தார்கள். அவர் எவ்வளவு நேரம் கூப்பிட்டார் என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை அவருடைய ஆணையிலும் கையெழுத்து விழுந்தது. முதலில் வந்த தவளை டீச்சர்தான் அவரைப் பார்த்தாள். உடம்பு விறைத்திருந்தது. சட்டை முழுக்கச் செருப்புத் தடம், கன்னத்தில் ஒரு குதிகால் அச்சு. அவர் செத்தது முந்தின நாள் மதியம் என்று மருத்துவர் எழுதினார். முந்தின நாள் அவர் ஊழியர் இல்லை, எனவே குடும்பத்துக்கு உதவித்தொகை கிடையாது என்று அலுவலகம் எழுதியது. அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊழியர் அல்லாத ஒருவர் அனுமதியின்றி வளாகத்துக்குள் நுழைந்தது எப்படி என்று விளக்கம் கேட்டு அவர் மனைவிக்கு ஒரு கடிதமும் போனது.

அந்த மாதமே கருத்துச் சுதந்திர வாரம் வந்தது. வருடந்தோறும் பல்கலைக்கழகம் பெரிய பந்தல் போட்டு நடத்துகிற வாரம் அது. யார் வேண்டுமானாலும் மேடையேறி எதை வேண்டுமானாலும் பேசலாம். அதுவரை பேசியவர்கள் மரம் வளர்ப்பது பற்றியும் வாசிப்பின் பயன் பற்றியும்தான் பேசியிருந்தார்கள். தவளை டீச்சர் மேடையேறி ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"பீக்கர் அண்ணன் செத்தப்ப ஊழியரா, ஊழியர் இல்லையான்னு கேட்டீங்க. மனுஷனான்னு ஒருத்தரும் கேக்கலை. அவர் சட்டையில இருந்தது உங்க செருப்புத் தடம். எங்களை ஒரு நாள் இல்லாம ஆக்கறதுக்கு உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது? அந்த ஒரு நாளை எடுத்துடுங்க."

துணைவேந்தர்தான் முதலில் கைதட்டினார். இப்படிப் பேசுவதற்காகத்தானே இந்த மேடை என்று கண் கலங்கச் சொன்னார். அவள் பேசும்போது எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, 'இங்கே எல்லோரும் பேசலாம்' என்ற வரியோடு நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் மாட்டினார்கள். துறைத்தலைவர் மட்டும் அறையின் கதவைச் சாத்திவிட்டு, "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? உன் பேரே தவளை, உனக்கா நான் சொல்லணும்?" என்று வருத்தப்பட்டார். அவள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. விளக்கம்கூடக் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் தினமும் தன் படத்துக்குக் கீழேதான் வேலைக்குப் போய் வந்தாள்.

அடுத்த முறிவு நாளுக்கு முந்தின இரவு வந்தது. "நாளைக்கு அம்மா இருக்க மாட்டேன், நாளன்னிக்கு வந்துடுவேன்" என்று எப்போதும்போல் மகளிடம் சொன்னாள். முறிவு நாளுக்கு மறுநாள் மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள், அவள் வரவில்லை. மதியம் வரை நாற்காலியில் காத்திருந்துவிட்டு நேராகப் பதிவாளர் அறைக்கு நடந்தாள். கையெழுத்தான ஆணைகளைக் கட்டுக்கட்டாக வெளியே எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு கோப்பு மேஜை ஓரத்தில் இருந்தது. பதிவாளர் அதைக் காட்டித் துணைவேந்தரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வேலையை விட்டு எடுத்தா, பேசினதுக்காக எடுத்தோம்னு சொல்லுவாங்க சார். ஆணை குடுத்தா, பேசியும் குடுத்தோம்னு எல்லாரும் பேச ஆரம்பிப்பாங்க."

"அப்ப?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். கோப்பு பாட்டுக்கு இருக்கட்டும்."

துணைவேந்தர் யோசித்து, நாம் எதுவும் செய்யவில்லை என்பது மனசாட்சிக்கும் நல்லதுதான் என்றார். அவர்களுக்கு நடுவில் நின்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். பதிவாளர் தேநீரை உறிஞ்சிவிட்டுச் சர்க்கரை குறைவு என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; பல்கலைக்கழகத்திடம் அது இருந்தது.

கணவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பதிவாளர் அவரை உட்காரவைத்து மரியாதையாகப் பேசினார். அவர் மனைவியை யாரும் நீக்கவில்லை, ஆணை வந்தால் வந்துவிடுவார். ஆணை எப்போது வரும் என்றால், வழக்கமான உறுதிமொழிப் படிவத்தில் மனைவி கையெழுத்துப் போட்டதும் வரும். அவர் எப்படி வந்து போடுவார் என்றால், ஆணை கிடைத்ததும் வந்து போடலாம். கணவர் இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், உடுப்பை மாற்றும்போதுதான் அது விளங்கி, பாதிச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காவல் நிலையத்தில் காணாமல் போனவர் என்று எழுத மறுத்தார்கள், அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே என்றார்கள். வழக்கறிஞர் ஒருவர், நீக்கியிருந்தால் ஒரே மாதத்தில் வேலையைத் திரும்ப வாங்கித் தந்திருப்பேன் என்று கையை விரித்தார். கோப்பு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

ஆரம்பத்தில் கணவர் தினமும் நாற்காலியைப் பார்த்துக் கடை விவகாரம் சொல்வார். மகள் வீட்டுப்பாடத்தைக் காட்டுவாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிய கணவரின் அக்காவுக்கு வெறும் நாற்காலியோடு பேசுவது பிடிக்கவில்லை. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இன்னிக்கு பிள்ளைக்குத் தலை சீவி விட்டிருக்கலாம்" என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னது மட்டும்தான் அந்த அம்மாள் அதனோடு பேசிய பேச்சு. பிறகு ஒரு மழைநாளில் துணி காயாமல் போக, ஒரு துண்டை அதன் முதுகில் போட்டார்கள். அடுத்து ஒரு சட்டை. சில மாதங்களில் அது துணி நாற்காலி ஆகிவிட்டது. டீச்சர் அந்தக் குவியலுக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

முதல் வருட முறிவு நாளில் சக ஊழியர்கள் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நாளைக்கே போய்க் கேட்கிறோம் என்றார்கள். இரண்டாம் வருடம் இரண்டு மூன்று பேர் தெருமுனை வரை வந்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வருடம் அவளே வளாகத்துக்குப் போனாள். நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில், தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து காத்திருந்தாள். அந்தப் பக்கம் வந்த ஒன்றிரண்டு பேர் அவளைக் கண்டதும் வேறு வழியாகத் திரும்பினார்கள். யார் கண்ணுக்கும் தெரியாத அந்த ஒரு நாளிலும், அவளோடு பேசியதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தார்கள். மற்ற நாட்களில் அவளைக் காணாதவர்களை அவள் என்றைக்கும் கோபித்ததில்லை. இவர்களைத்தான் அவளால் கடைசி வரை மன்னிக்க முடியவில்லை.

மகள் வளர்ந்தாள். டீச்சர் அவளோடு பள்ளிக்கூடம் போனாள், காய்ச்சலில் பக்கத்தில் படுத்தாள், பரீட்சையில் தப்பாக எழுதும்போது காதருகே சரியான விடையைச் சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. மகளும் விலங்கியல்தான் படித்தாள், நன்றாகப் படித்தாள், வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலையே கிடைத்தது. அதை வேண்டாம் என்று எழுதிவிட்டு, அம்மா இருந்த துறையில் தற்காலிக விரிவுரையாளர் பணிக்கு அவள் விண்ணப்பம் நிரப்பிய அன்று டீச்சர் அந்தக் காகிதத்தைக் கிழிக்க எவ்வளவோ பார்த்தாள். காகிதம் அசையவில்லை. நல்ல வேலையை உதறிவிட்டு இங்கே வந்து விழுவாளா, பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அத்தை புலம்பினாள்.

முதல் வருடம் முடிந்து முறிவு நாளுக்கு முந்தின மாலை, மகள் சாப்பாட்டு அறைக்கு வந்து அந்த நாற்காலியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். ஈரத்துணியால் நாற்காலியைத் துடைத்தாள். இன்னொரு நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. விடிந்ததும் அவள் எதிரில் டீச்சர் இருந்தாள். போன அன்று உடுத்திய அதே புடவை, அதே வயது. மகளுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான்.

"இத்தனை வருஷமும் இங்கயேதான் இருந்தியா?" என்றாள் மகள்.

"எங்க போவேன்?"

"துணிக்கு அடியிலயா?"

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து மகளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள், சத்தம் பற்றிக் கவலைப்பட வேண்டிய நாள் அதுவல்ல. பக்கத்து அறையில் கணவர் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் மகளின் சடையை அவிழ்த்து ஒழுங்காகப் பின்னிவிட்டாள், தான் பார்த்துக்கொண்டிருந்த எல்லா வருடங்களுக்கும் சேர்த்துத் திட்டினாள். அந்தப் பையனோடு ஏன் பேச்சை நிறுத்தினாய், அந்தப் பரீட்சையில் மூன்றாம் கேள்வியை ஏன் விட்டாய் என்று அது நீண்டுகொண்டே போனது. மறுநாள் காலை பதிவாளர் கையெழுத்துப் போட்டபோது ஒரு பேச்சு பாதியில் அறுந்தது. அந்தப் பேச்சின் மீதி அடுத்த வருடம்தான்.

மகள் அன்றே அலுவலகத்துக்குப் போய் அம்மாவின் கோப்பைக் கேட்டாள். பழைய கோப்புகளை எல்லாம் இடநெருக்கடியால் எரித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கோப்பு இல்லாமல் ஆணை இல்லை, ஆணை இல்லாமல் ஆள் இல்லை, இல்லாத ஆளுக்கு எதற்கு ஆணை என்றார் புதிய பதிவாளர். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. வீட்டில் அப்பாதான் மாறிப்போனார். உங்கம்மாவுக்குத் தலை நரைத்திருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டு, இல்லை என்று தெரிந்ததும் அந்த வாரமே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். துணி போட்டதற்காக நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த முறிவு நாளில் மகள் தன் யோசனையைச் சொன்னாள். கருத்துச் சுதந்திர வாரத்தில் அவளும் பேசிவிட்டால் ஆணை வராது, பிறகு எப்போதும் அம்மாவோடு இருக்கலாம்.

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றாள் டீச்சர். "உன்னை விட்டா உங்கப்பாவுக்கு யாரு இருக்கா? அத்தைக்கே ஒரு ஆள் வேணும் இப்ப. பேசாதே. யாரு கேட்டாலும் நல்லா இருக்கோம்னு சொல்லு."

அந்த மேடையில் நடுங்காத குரல் இதைச் சொல்லும்போது நடுங்கியது. அந்த வருட வாரத்தில் புதுத் துணைவேந்தர், படத்தில் இருப்பவரின் மகளே நம்மிடம் வேலை பார்க்கிறார் என்று பெருமையாக அறிவித்து மகளை மேடைக்குக் கூப்பிட்டார். டீச்சர் முதல் வரிசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டாள். "எங்கம்மா பேசின மேடை இது. எனக்குப் பேச ஒண்ணும் இல்லை. நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டல் ஓய நேரமானது. டீச்சருக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்று அன்று முழுக்க வெட்கமாகவும் இருந்தது.

அடக்கத்துக்குப் பரிசாகச் சில வருடங்களில் மகளுக்கு நிரந்தரப் பணி கொடுத்தார்கள். நிரந்தர ஊழியருக்கு முறிவு நாள் கிடையாது. மகள் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள், அந்த அளவுக்குத் தற்காலிகத்தில் நிறைவாக இருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகம் அந்தக் கடிதத்தைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. அந்த முறிவே செல்லாது என்று நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டிருந்த எல்லாரும் அந்த ஒரு கடிதத்தால் தோற்றார்கள். அதன் பிறகு ஊழியர் அறையில் அவளோடு யாரும் உட்காரவில்லை. முறிவு நாளில் அதைச் சொன்னபோது டீச்சர், "பைத்தியமா உனக்கு? ஒரு நாளுக்காகவா?" என்று கத்தினாள். "அந்த ஒரு நாளை எடுத்துடச் சொல்லி நீதானேம்மா கேட்ட. எடுத்திருந்தா இன்னிக்கு எனக்கு யாரு பின்னி விடுவா?" என்றாள் மகள். பின்னிக்கொண்டிருந்த சடையில் அப்போது நரை விழத் தொடங்கியிருந்தது.

வருடங்கள் போயின. அத்தை போய்ச் சேர்ந்தாள். மகள் அம்மாவுக்கு அக்கா மாதிரி ஆனாள், பிறகு அம்மாவுக்கு அம்மா மாதிரி. ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் அப்பா தலைச் சாயம் காயாமலே தூக்கத்தில் இறந்தார். காரியங்கள் முடிந்த வாரம் கருத்துச் சுதந்திர வாரத்துக்குப் பேச்சாளர்கள் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். மகள் முதல் ஆளாகக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து நாற்காலியிடம், "இனிமே நீ தடுக்க முடியாது" என்றாள். டீச்சர் தடுக்கத்தான் பார்த்தாள்.

மேடையில் மகள் முதலில் பீக்கர் அண்ணனின் சட்டையைப் பற்றிச் சொன்னாள். அடுத்து எரித்த கோப்பைச் சொன்னாள், துணி நாற்காலியைச் சொன்னாள். தன் கடிதத்தால் தோற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். கடைசியாக, "அந்த ஒரு நாளை எடுத்துடுங்க" என்றாள். அப்போதைய துணைவேந்தர்தான் முதலில் கைதட்டினார். அவள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்து முறிவு நாளுக்கு மறுநாள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை.

உறவினர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். குடிவந்தவர்கள் இரண்டு நாற்காலியிலும் துணி போடுகிறார்கள். நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் இப்போது இரண்டு படங்கள் அருகருகே இருக்கின்றன, வயதில் மூத்தவரைத்தான் புதிதாக வருகிறவர்கள் அம்மா என்று நினைக்கிறார்கள். படங்களைத் தினமும் துடைக்கிற பெண் தற்காலிக ஊழியர். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவள் துடைப்பதில்லை. அன்றைக்கு மற்றவர்கள் சுற்றுவழியில் போக, அவள் படிக்கட்டில் டீச்சருக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.